ஜிப்சியைக் கழற்றி, துரு நீக்கி, புதிதாகப் பெயிண்ட் அடிப்பது: வீட்டு முற்றத்துக்கான முழுமையான வழிகாட்டி

பழைய மாருதி ஜிப்சி ஒன்று கைக்கு வந்ததும், என்ன நிறம் அடிக்கலாம் என்ற யோசனைதான் முதலில் வருகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்த வண்டியை அரிப்பது தேங்கி நிற்கும் தண்ணீர். அது எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எந்த வழியாக வெளியேறாமல் போகிறது என்று கண்டுபிடிக்காதவரை, எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் இரண்டு மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பிவிடும்.

1985 டிசம்பரில் 970 சிசி எஞ்சினுடன் எம்ஜி 410 என்ற பெயரில் வந்த வண்டி இது. 1996இல் 1298 சிசி எஞ்சினோடு ஜிப்சி கிங் ஆனது. இரண்டுக்குமே அடியில் ஏணி வடிவச் சேஸிஸ், மேலே போல்ட் போட்டு உட்காரவைத்த தனிப் பாடி. சேஸிஸும் பாடியும் தனித்தனியாக இருப்பதால்தான் இதை வீட்டில் வைத்துக் கழற்ற முடிகிறது. மகிந்திரா எம்எம் 540, மேஜர் வகை ஜீப்புகளும் இதே அமைப்புதான் என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கிறது. வேறு நிறம் அடிப்பதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜீப் பிரியர்கள் பலருக்கும் ராணுவப் பச்சை மேல் ஒரு கண் உண்டு. அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதிப்படி, ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியாக இருந்தாலும் தனியார் பெயருக்கு வந்துவிட்டால் அந்தப் பச்சை போக வேண்டும்.

அடுத்தது சேஸிஸ் எண். சேஸிஸ் இரும்பில் பொறித்திருக்கும் அந்த எண்ணைத் தேடி, மண்ணைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துவையுங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். கிரைண்டர் அங்கே போகவே கூடாது. எண் தேய்ந்துபோனால், ஆர்.சி. புதுப்பிக்கும்போது நீங்கள் சொல்லும் எந்த விளக்கமும் எடுபடாது.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் தொடங்குங்கள். வார இறுதிகளில் மட்டும் வேலை செய்பவருக்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். கழற்றுவதும் துரு நீக்குவதும் பிரைமரும் கோடையோடு முடிந்துவிட்டால், மீதியை நிதானமாகச் செய்யலாம். கடலோர ஊர்களில் பளபளவென்று தேய்த்துவைத்த இரும்பு ஒரே இரவில் செம்மஞ்சளாகிவிடும் என்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, இரண்டு கார் நிற்கும் அளவுக்குக் கூரை வேண்டும். கழற்றிய வண்டி முழு வண்டியைவிட அதிக இடத்தை அடைக்கும்.

கழற்றுதல்

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுவது முதல் வேலை. பின்பக்கம் கீழே இருக்கும் பெட்ரோல் டாங்கியைக் காலி செய்து, இறக்கி, வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். காலியான டாங்கியில் நிற்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. கிரைண்டர் பொறி அதன் அருகே போகக் கூடாது.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று காகிதத்தில் எழுதி உள்ளேயே வையுங்கள். பைக்கு வெளியே எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பெயிண்ட் டப்பாவில் கொட்டிவைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. வருடம் முழுக்க ஜிப்சியே பிரிக்கும் மெக்கானிக்குக்கு அது சரிப்படும்.

குறுக்குவெட்டுத் தலை கொண்ட ஸ்க்ரூக்களில் கவனம் தேவை. சுசுகியின் வடிவமைப்பு என்பதால் பல இடங்களில் இருப்பவை ஜப்பானியத் தரமான ஜிஸ் வகை ஸ்க்ரூக்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையை அரைத்துவிடும். ஜிஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். சுத்தியால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் கதவுக் கீல் ஸ்க்ரூக்கள் எளிதாக வரும்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கான எண்ணெயான ஏடிஎஃப்பும் அசிட்டோனும் சம அளவில் கலந்தது கடையில் விற்கும் ஸ்பிரேக்குக் குறைந்ததல்ல. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். அதைப் பூசிய இடத்தில் நெருப்பு காட்டக் கூடாது.

பாடியைத் தூக்கும் முன் பிரிக்க வேண்டியவை: ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இறங்கும் பிரேக் குழாய்கள், கிளட்ச், ஆக்சிலரேட்டர், ஸ்பீடோமீட்டர், ஹேண்ட்பிரேக் கேபிள்கள், வயரிங், ரேடியேட்டர் குழாய்கள், பெட்ரோல் ஊற்றும் குழாய், இரண்டு கியர் லீவர்கள், எர்த் பட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு பக்கம் தூக்கிய பிறகு பாடி ஏதோ ஒரு மூலையில் இழுத்துப் பிடித்தால் அதைத் தேடுங்கள். பிரேக் ஆயில் பெயிண்ட்டைக் கரைக்கும், கண்ணுக்கும் கெடுதல். பழைய பிரேக் ஷூக்களில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

பாடியைச் சேஸிஸில் பிணைக்கும் போல்ட்டுகள் தனிக்கதை. நட்டு பாடிக்குள் ஒரு கூட்டில் அடைந்து கிடக்கிறது. கூடு துருவால் இற்றுப்போனால் போல்ட்டோடு நட்டும் சேர்ந்து சுற்றும். நீள ஸ்பேனர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் முறியும், இல்லாவிட்டால் தரைத்தகடு கிழியும். கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்தி என்று போக வேண்டும். அப்படியும் வராவிட்டால் மேலே தரைத்தகட்டில் சிறிய ஜன்னல் வெட்டி நட்டைப் பிடித்துக்கொண்டு கழற்றி, பின்னால் அதை வெல்டு வைத்து மூடிவிடலாம். ரப்பர் மவுண்டுகளுக்கு அடியில் மெல்லிய தகட்டு ஷிம்கள் இருந்தால், எந்த மவுண்டில் எத்தனை என்று எழுதிவையுங்கள். கதவு சரியாக மூடுவதும் மூடாததும் அவற்றைப் பொறுத்தது.

கதவு, பானெட், சீட், கண்ணாடிச் சட்டம் எல்லாம் போன பிறகு, ஆறு பேர் சேர்ந்தால் பாடியைத் தூக்கி மரக்கட்டைகள் மேல் வைத்துவிடலாம். ஆனால் தரைத்தகடு பெரிதாக இற்றுப்போயிருந்தால் உடனே தூக்காதீர்கள். கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்துப் பிடிப்புக் கொடுத்த பிறகே தூக்க வேண்டும். கூரையில்லாத பாடி என்பதால் அதன் விறைப்பு முழுக்கத் தரையில்தான் இருக்கிறது. பிடிப்பில்லாமல் தூக்கினால் நடுவில் வளைந்து கதவு இடைவெளி மாறிவிடும்.

துரு ஒளியும் இடங்கள்

கையில் ஒரு சிறு சுத்தியும் கூரான ஸ்க்ரூ டிரைவரும் போதும். நல்ல தகடு தட்டினால் கணீரென்று ஒலிக்கும், இற்றுப்போனது பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயிண்ட்தான் இருக்கிறது. சிறிய காந்தம் ஒன்றும் வைத்துக்கொண்டால், ஒட்டாத இடங்களில் முந்தைய உரிமையாளரின் பட்டி வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். விற்பதற்காகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் பட்டியை விரலளவு தடிமனில் பார்க்கலாம்.

முன்சீட்டுக் கால்தரையும் முன்சுவரும் சேரும் மூலை, பின்சக்கர வளைவின் உட்புறம், பாடி மவுண்டுகளுக்கு மேலே, பேட்டரித் தட்டின் அடி, பின்கதவுக்குக் கீழே குறுக்காக ஓடும் பகுதி, கதவுகளின் அடிவிளிம்பு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். இவற்றோடு முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலையையும் பாருங்கள். கண்ணாடி ரப்பரை மெல்ல நெம்பினால் உள்ளே மண்ணும் சருகும் கலந்த கருப்புச் சேறு ஒரு கோடாகப் படிந்திருக்கும். ரப்பரின் உதடு விறைத்துப் போய் மழைநீர் உள்ளே இறங்கிவிட்டது, வெளியேறும் வழியைச் சருகு அடைத்துவிட்டது. அடியில் தகடு பிஸ்கட் போல அடுக்கடுக்காகக் கையோடு வரும். சட்டத்தை மட்டும் பழுதுபார்த்துப் பழைய ரப்பரையே போட்டால் அடுத்த மழையில் அதே கதை தொடங்கும்.

இதே முறையில் ஒவ்வொரு துருவுக்கும் காரணம் தேடுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பு காரணமென்றால் அது திரும்பப் போகக் கூடாது. வடிகால் ஓட்டையை யாரோ அண்டர்கோட் என்ற அடிப்பூச்சு பூசி மூடியிருந்தால் அதைத் திறக்க வேண்டும். நீரோடைகளில் இறங்கும் வண்டிக்கு வடிகால் மிக முக்கியம்.

துரு நீக்கம்

எல்லா இடத்துக்கும் ஒரே முறை பொருந்தாது. பாகத்தின் தடிமனையும் அளவையும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அகலமான பரப்புகளுக்கு 100 மி.மீ. கிரைண்டரில் பூட்டிய வயர் கப் பிரஷ். பெயிண்ட்டையும் செதில் துருவையும் அது எடுத்துவிடும், தகட்டைத் தின்னாது. உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க் வேகமாக எடுக்கும். ஆனால் பாடித் தகடு ஒரு மி.மீ. அளவுக்கே இருப்பதால், அரை நிமிட அவசரத்தில் அதைப் பாதியாக்கிவிடலாம். அதைச் சேஸிஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வயர் பிரஷ்ஷின் கம்பிகள் உதிர்ந்து ஊசியாகப் பறக்கும். கண்ணாடி போட்டால் மட்டும் போதாது, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் வேண்டும். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மூக்குக்குத் தூசிக் கவசம் கட்டாயம். அந்தத் தூசியோடு வீட்டுக்குள் போய்க் குழந்தைகளைத் தூக்காதீர்கள்.

மணல் பீய்ச்சும் பிளாஸ்டிங் சேஸிஸுக்கு மிகச் சிறந்தது. அதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். ஆற்று மணலின் நுண்தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற தீராத நோயை உண்டாக்கும். தொழிற்பேட்டைகளில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. சேஸிஸை ஏற்றி அனுப்புங்கள், பாடியை அனுப்பாதீர்கள். மெல்லிய தகடு பிளாஸ்டிங்கில் நெளிந்துவிடும்.

கீல், கொக்கி, தாங்கி போன்ற சிறு பாகங்களுக்குச் சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது இதுதான். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம். முதலில் எண்ணெய்ப் பசையைச் சோப்பால் போக்கிவிட்டு ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் பிரஷ் போட்டுக் கழுவி, சமையல் சோடா கலந்த நீரில் ஒரு முறை முக்கி, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது மஞ்சள் படலம் வந்திருக்கும்.

இடுக்கும் மடிப்பும் நிறைந்த பாகங்களுக்கு மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் டிரம்மில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் முனை பழைய இரும்புத் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சுத்தன்மை கொண்ட குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும் என்பதால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

அமிலமும் மின்னாற்பகுப்பும் சேரக் கூடாத பாகங்கள் இரண்டு: ஸ்பிரிங் பட்டைகளும் உயர்வலிமை போல்ட்டுகளும். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மலைப்பாதையில் பட்டை முறியும்போதுதான் தெரியும். அவற்றுக்கு வயர் பிரஷ்ஷும் கைபலமும்தான்.

தேய்த்தும் போகாமல் குழிகளுக்குள் கறுப்பாகத் தங்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி. இரும்பு ஆக்சைடை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டப்பாவில் சொன்ன நேரம் முடிந்ததும் கழுவச் சொல்லியிருந்தால் முழுதாகக் கழுவுங்கள். மிச்ச அமிலத்தின் மேல் எபாக்சி பிடிக்காது. ஓட்டை விழுந்த தகட்டை எந்தத் திரவமும் காப்பாற்றாது. அங்கே வெட்டுதான்.

வெட்டும் வெல்டும்

ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல், தட்டினால் கணீரென்று கேட்கும் இடம்வரை வெட்டிவிடுங்கள். 18 அல்லது 20 கேஜ் சிஆர் தகடு (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) இங்கே பொருந்தும். அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, மடித்து, பொருத்திப் பார்த்துத் தேய்க்க வேண்டும். டிங்கர் ஒருவரை வீட்டுக்கு வரவழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கார்பைடு கேஸ் வெல்டிங் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், அந்தச் சூட்டில் தகடு அலையலையாக நெளியும். சிஓ2 வெல்டிங்கில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று வைத்து, இடையில் ஆறவிட்டு இணைப்பது நல்லது. பெரிய தரைத்தகடு மாற்றும்போது பாடி சேஸிஸில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கதவும் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கதவை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே வெல்டு வையுங்கள்.

சேஸிஸில் வெல்டு தேவைப்பட்டால் அது அனுபவசாலி செய்ய வேண்டிய வேலை. இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

சேஸிஸின் பெட்டி வடிவச் சட்டத்துக்குள் பல வருட மண் இருக்கும். பிரஷர் வாஷரை ஓட்டைகளில் வைத்து, மறுமுனையில் தெளிந்த நீர் வரும்வரை அடியுங்கள். பிறகு சாய்த்துவைத்து சில நாள் வெயிலில் காயவிடுங்கள். உள்ளே ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே பூசுவதில் அர்த்தமில்லை.

பிரைமர்

நம் ஊரில் இரும்பு என்றாலே ரெட் ஆக்சைடு. ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அது போதும். வண்டிக்கு வேண்டாம். அது ஈரத்தை முழுதாகத் தடுக்காது. மேலே இரு கூறு பெயிண்ட் (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து அடிப்பது) அடித்தால் அதன் வீரியமான தின்னரில் ரெட் ஆக்சைடு சுருங்கிக் கிளம்பவும் கூடும். வெறும் இரும்பின் மேல் இரு கூறு எபாக்சி பிரைமர் அடிப்பதே நல்லது.

தேய்த்து முடித்த பகுதியைக் கிரீஸ் நீக்கியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு விரல்ரேகையாகப் பெயிண்ட்டுக்கு அடியில் துருப்பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பின் வெப்பநிலை 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ அடிக்கக் கூடாது. நடைமுறையில், காலை பத்து மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சேஸிஸுக்கு எபாக்சியைப் பிரஷ்ஷாலேயே பூசலாம். இடுக்குகளில் அதுதான் நன்றாக இறங்கும். ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், கையுறை அவசியம். இரண்டு கோட்டு. இரண்டாவது கோட்டுக்கு டப்பாவில் சொன்ன கால இடைவெளியைத் தாண்டிவிட்டால் 320 எண் உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். தகடுகள் சேரும் விளிம்புகளில், எபாக்சிக்கு மேல் சீம் சீலரை விரலால் இழுத்துப் பூசுங்கள். தண்ணீர் புகும் வழிகளில் பாதி இங்கேயே அடைபடும்.

பட்டியும் எபாக்சிக்கு மேல்தான். பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள். அதை வெறும் இரும்பில் பூசுவது துருவுக்குப் பஞ்சு விரிப்பது. இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் பள்ளத்தைத் தட்டி எடுக்கவில்லை என்று பொருள். 80, 180, 320 என்று உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேயுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு நுண்கீறல்களை நிரப்பும் சர்ஃபேசர் அடித்து, 600 எண் வாட்டர் பேப்பரில் முடிக்கலாம்.

நிறம்

ஒரு கருத்தை அழுத்திச் சொல்கிறேன். பளபளப்பான இரு கூறு பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட்டை வீட்டில் ஸ்பிரே செய்யாதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி இல்லாமல் அந்த வேலைக்கு இறங்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுபவருக்கும் நுரையீரல் உண்டு. எல்லாத் தயாரிப்பு வேலைகளையும் நீங்களே முடித்து, பாடியை மினி லாரியில் ஏற்றிப் பெயிண்ட் பூத் இருக்கும் பட்டறைக்கு அனுப்புங்கள். தயாரிப்புக்குத்தான் அதிகக் கூலி, அது உங்களுக்கு மிச்சம்.

வீட்டிலேயே அடித்தாக வேண்டுமென்றால் ஒற்றைக் கூறு சிந்தெடிக் எனாமல் இருக்கிறது. அதற்கும் ஆவி வடிகட்டும் முகமூடியும் காற்றோட்டமும் தேவை. மினுமினுப்புக் குறைவு, காய நேரம் அதிகம், ஆனால் முள்மரம் உரசும் காட்டுப்பாதைக்குப் போகும் வண்டிக்கு அது போதும். எந்தப் பெயிண்ட்டானாலும் மெட்டாலிக் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் பூசினால் மெட்டாலிக்கில் திட்டு தெரியும், சாதாரண நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது.

ஸ்பிரே கன்னில் பிரைமருக்கு 1.6 முதல் 1.8 மி.மீ. முனை, நிறத்துக்கு 1.3 அல்லது 1.4. கம்ப்ரெசர் குழாயில் நீர்ப் பிடிப்பான் இல்லாவிட்டால் துளித்துளியாகக் குழி விழும். சுற்றுத் தரையை நனைத்துவிட்டால் தூசி எழாது. முதலில் பழைய பானெட் தகடு ஒன்றில் அடித்துப் பழகுங்கள். 15 முதல் 20 செ.மீ. தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும், கை வளையாமல் தகட்டுக்கு இணையாகப் போக வேண்டும். மீன்கண் போல வட்டக் குழிகள் வந்தால் சிலிகான் பட்டிருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷை வேலை நடக்கும் இடத்திலிருந்தே ஒழித்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டுதல்

பெயிண்ட் தொட்டால் ஒட்டாமல் இருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் வேறுவேறு. எனாமலானால் ஓரிரு வாரம் பொறுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் பட்ட இடமெல்லாம் உரியும்.

பாடி மவுண்டு ரப்பர், கண்ணாடி ரப்பர், பிரேக் குழாய்கள், ஸ்பிரிங் புஷ்கள் எல்லாம் புதிதாகவே போகட்டும். சஸ்பென்ஷனில் 8.8 தரத்துக்குக் குறைந்த போல்ட் போடாதீர்கள். மரையில் துருவால் இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை பூசிப் போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். எர்த் பட்டை அமரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள். புதுப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் ஹெட்லைட் மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடிப்பக்கத்தில் தார் கலந்த அண்டர்கோட் தடிமனாகப் பூசுவது பழைய வழக்கம். அது விரிசல் விட்டதும் உள்ளே ஈரம் புகுந்து, வெளியே தெரியாமல் அரிக்கும். பழைய எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பவர்களும் உண்டு. துரு குறையும்தான், ஆனால் ரப்பர் புஷ்கள் ஊதிப்போகும், சொட்டும் எண்ணெய் மண்ணைக் கெடுக்கும். சேஸிஸ் சட்டத்துக்குள்ளும் கதவின் அடிவிளிம்புக்குள்ளும் நீள முனைக் குழாயால் கேவிட்டி வாக்ஸ் என்ற துருத்தடுப்பு மெழுகு அடியுங்கள். அடித்து முடித்ததும் ஒரு கம்பியால் ஒவ்வொரு வடிகால் ஓட்டையையும் குத்தித் திறந்துவிடுங்கள்.

பிரேக்கில் காற்று எடுத்து, சக்கர நட்டுகளை முறுக்கிவிட்டு, முதலில் தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்பிரிங் யூ-போல்ட்டுகளையும் பாடி மவுண்டு போல்ட்டுகளையும் மறுபடி இறுக்க வேண்டும். புது ரப்பர் அமுங்கி அவை தளர்ந்திருக்கும். பிறகு தோட்டக் குழாயை முன்கண்ணாடி மேல் பத்து நிமிடம் திறந்துவிட்டு, கால்தரையில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கேனும் ஈரம் கசிந்தால், விரிப்பு போடுவதற்கு முன்பே அதை அடைத்துவிடுங்கள்.